கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களா? ஜப்தி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கதவில் ஒட்டிய நோட்டீஸை முதலில் பார்ப்பது பெரும்பாலும் கடன் வாங்கியவராக இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பார்க்கும், மாடியில் வாடகைக்கு இருப்பவர் பார்ப்பார், எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார். அடுத்த பத்தாவது நிமிடம் அந்தத் தாள் கிழிந்துவிடும். தெருவில் மானம் போகிறதே என்ற பதற்றம், வேறென்ன. ஆனால் அந்தத் தாளில்தான் தேதி இருக்கிறது. கடன் வசூல் தீர்ப்பாயமான டி.ஆர்.டி.யின் வராந்தாவில் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்: "நோட்டீஸ் எங்கே? என்ன தேதி போட்டிருக்கு?" பாதிப் பேருக்குத் தெரியாது. "கிழிச்சுட்டோம் சார்" என்பார்கள்.

ஆகவே முதல் வேலை, கிழிக்காதீர்கள். செல்போனில் படம் எடுங்கள். கதவும் தாளும் சேர்ந்து ஒன்று, எழுத்து தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. என்றைக்குப் பார்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இந்தச் சட்டத்தில் எல்லாமே நாள் கணக்குதான்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். ஒட்டிய நாளுக்கும் பூட்டுப் போடும் நாளுக்கும் இடையில் பல படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது தெரிந்தால்தான் எங்கே போவது, என்ன கேட்பது என்று புரியும்.

பூட்டுப் போட வருவது யார்?

வங்கி என்றால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். வீட்டுக் கடன் தவணை நின்றுபோனால், சிவில் கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் கொடுப்பது இந்தச் சட்டம்தான். கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் சொத்து மதிப்பு 100 கோடி ரூபாய்க்குக் குறையாமலும் கடன் 20 லட்சத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று 2021-இல் வரம்பு வைத்தார்கள். வீட்டு வசதிக் கடன் நிறுவனங்களுக்கு அறிவிக்கை தனி. அவற்றில் பெரியவை எல்லாம் இந்த அதிகாரம் உள்ளவைதான்.

தெருமுனை ஃபைனான்ஸ்காரரோ வட்டிக்கு விடுகிறவரோ என்றால் கதையே வேறு. அவர் கையில் உங்கள் பத்திரம் இருக்கலாம். அடமானம் பதிவாகியும் இருக்கலாம். ஆனாலும் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றும் மனு போட்டுத்தான் வர முடியும். அவரே ஆள் கூட்டிவந்து பூட்டினால் அது அத்துமீறல். போலீஸில் புகார் கொடுக்கலாம். கந்துவட்டிக்கென்றே தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

இன்னும் சில விலக்குகளும் இருக்கின்றன. விவசாய நிலத்தின் மீது சர்ஃபேசி பாயாது. ஆனால் பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, நிலம் உண்மையில் விவசாயத்தில் இருக்க வேண்டும். நஞ்சையில் வீடு கட்டிக் குடியிருந்துகொண்டு இதைச் சொன்னால் எடுபடாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தாலும் இந்தச் சட்டத்தில் வர முடியாது. பதினைந்து வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசியில் தடுமாறியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பாக்கிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

முதல் படி: 90 நாளும் 60 நாளும்

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு 13(2) பிரிவின்படி ஒரு நோட்டீஸ் வரும். மொத்தப் பாக்கி எவ்வளவு, எந்தச் சொத்து என்று விவரம் எழுதி, 60 நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டச் சொல்லும். ஜாமீன் போட்டவருக்கும் இதே நோட்டீஸ்தான். சட்டத்தின் கண்ணில் அவரும் கடனாளியே.

இந்த நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் வரும்போது "ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம். அதனால் ஒரு நாள்கூட மிச்சமாகாது. தபால் திரும்பினால் கதவில் ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில் விளம்பரமும் செய்துவிடுவார்கள். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

உண்மையில் உங்கள் கை ஓங்கியிருப்பது இந்த 60 நாளில் மட்டும்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டும் தெரிந்த அரசியல்வாதியைத் தேடிக்கொண்டும் இந்த நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, எழுத்து மூலம் ஆட்சேபணை. கணக்கில் தப்பு, கட்டிய பணம் வரவு வைக்கவில்லை, அபராத வட்டி அதிகம், இது என் சொத்தே இல்லை என எதுவானாலும் 13(3-ஏ) பிரிவின்படி வங்கிக்கு எழுதலாம். 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. ஆனால் பதிலே சொல்லாமல் வங்கி அடுத்த படிக்குப் போனால், அது பின்னால் உங்கள் வழக்குக்கு நல்ல பலம். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு, நின்றுபோன தவணை முழுவதையும் கட்டுவது. "ரெண்டு டியூ கட்டிட்டேன், அப்புறமும் வந்துட்டாங்க" என்ற புலம்பலை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். வாராக்கடன் ஆன கணக்கை, நிலுவைத் தவணையும் வட்டியும் முழுதாகத் தீர்ந்தால்தான் பழைய நிலைக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அரைகுறையாகக் கட்டுவது நல்லெண்ணத்தைக் காட்டும், ஜப்தியை நிறுத்தாது.

மூன்று, ஓ.டி.எஸ். எனப்படும் ஒரே தவணைத் தீர்வு. இதை உரிமையாகக் கேட்க முடியாது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம். மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிப் பணம் திரட்டக் கிளம்பாதீர்கள். வங்கியின் தலைப்பிட்ட தாளில், தொகையும் கெடு தேதியும் போட்டு வர வேண்டும்.

இன்னொன்று: 13(2) நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மச்சான் பெயரில் அவசரமாக ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டு வைத்தால் வங்கி வராது என்று ஆலோசனை சொல்ல ஆள் வருவார்கள். அது தீர்ப்பாயத்தில் ஒரு நாள்கூட நிற்காது. உங்கள் மற்ற வாதங்களின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

இரண்டாம் படி: தாளில் கைப்பற்றுவது

60 நாள் முடிந்தால் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி 13(4) பிரிவின்படி சுவாதீனம் எடுப்பார். ஆள் குடியிருக்கும் வீட்டில் இது பெரும்பாலும் அடையாளச் சுவாதீனம்தான். அதாவது வெளிக்கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் போடுவார்கள். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள். யாரும் உங்களை வெளியேற்றிவிடவில்லை.

சில நிறுவனங்களின் ஆட்கள் சுவரில் பெயிண்டால் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். சர்ஃபேசி விதிகளில் விதி 8 சொல்வது வெளிக்கதவிலோ கண்ணில் படும் இடத்திலோ நோட்டீஸை ஒட்டுவதை. சுவரில் கிறுக்கச் சொல்லவில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டு வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆனால் ஆம்புட்ஸ்மேன் ஜப்தியை நிறுத்தமாட்டார். அங்கே புகார் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஜப்தியை எதிர்த்துப் போக வேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம், டி.ஆர்.டி. சென்னையில் மூன்று, கோயம்புத்தூரில் ஒன்று, மதுரையில் ஒன்று. 13(4) நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் 17-ஆம் பிரிவின்படி மனு போட வேண்டும். கடன் வாங்கியவர் மட்டுமல்ல, பாதிக்கப்பட்ட யாரும் போடலாம். வாடகைக்கு இருப்பவர், கையெழுத்துப் போடாத பங்காளி, தங்கை, யாரானாலும்.

கட்டணத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். கணக்கு இதுதான். கடனாளி போட்டால், பாக்கி 10 லட்சத்துக்குக் கீழ் என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய். 10 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாயும். உச்சவரம்பு ஒரு லட்சம். 25 லட்சம் பாக்கி என்றால் 8,750 ரூபாய். கடனாளி அல்லாத ஒருவர், உதாரணமாக வாடகைதாரர், போட்டால் இன்னும் குறைவு: இதே 25 லட்சத்துக்கு 3,125 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

மனு போட்டதாலேயே தடை வந்துவிடாது. இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும். தீர்ப்பாயம் பெரும்பாலும் பாக்கியில் ஒரு பகுதியை இத்தனை நாளுக்குள் கட்டு என்ற நிபந்தனையோடுதான் தடை கொடுக்கும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் தடையும் போய்விடும். ஆகவே கையில் கொஞ்சமாவது பணம் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே தோற்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, 30 நாள் கெடு. ஆனால் கடனாளி பாக்கியில் பாதியை டெபாசிட் கட்ட வேண்டும். 25 சதவீதம் வரை குறைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அதற்குக் கீழ் இல்லை.

உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். 34-ஆம் பிரிவு சிவில் கோர்ட்டின் அதிகாரத்தைத் தடுக்கிறது. அடமானத்துக்கே சம்பந்தமில்லாத ஒருவர் சொத்து தன்னுடையது என்று உரிமை மூலம் கேட்டுப் போடும் வழக்கை சிவில் கோர்ட் விசாரிக்கலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அப்பா சொத்தை அண்ணன் மட்டும் வாரிசு என்று காட்டி அடமானம் வைத்த வீடுகளில், கையெழுத்துப் போடாத தங்கைகள் இதை வக்கீலோடு உட்கார்ந்து பேச வேண்டும். கடன் வாங்கியவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது.

மூன்றாம் படி: பேப்பரில் ஏல விளம்பரம்

அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் விலை வாங்கி, குறைந்தபட்ச விலை நிர்ணயித்து, கடனாளிக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் ஏலம் விட வேண்டும். முதல் ஏலத்தில் யாரும் வராமல் மறு ஏலம் என்றால் 15 நாள் போதும். ஊர் விலைக்கு ரொம்பக் கீழே வைத்திருக்கிறார்கள் என்றால் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். பக்கத்து வீடு விற்ற பத்திரத்தின் நகலோடு சொல்லுங்கள். வாயால் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

முன்பெல்லாம் ஏல நாளுக்கு முன்தினம்கூட முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கலாம். 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே கட்டியாக வேண்டும். விளம்பரம் வந்ததும் மீட்கும் உரிமை போய்விடுகிறது என்று செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஊரில் இன்னும் பலர் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். "ஏலத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கே, நிலத்தை வித்துக் கட்டிடலாம்" என்று ஆற அமர வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுதான் என் வேலையில் மிகவும் கஷ்டமான பகுதி.

ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை, விற்பனை உறுதியான 15 நாளுக்குள் கட்ட வேண்டும். எழுத்து மூலம் நீட்டித்தால் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. முழுதும் கட்டினால்தான் விற்பனைச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தாலும் அவரே ஆள் கூட்டி வந்து உங்களை வெளியேற்ற முடியாது. வெளியேற்றும் வழி, கீழே வரும் நான்காம் படி மட்டும்தான்.

வாடகைக்கும் போக்கியத்துக்கும் இருப்பவர்கள்

இந்த ஜப்தியில் ஒரு தப்பும் செய்யாமல் அடிபடுகிறவர்கள் இவர்கள்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாடகைதாரரின் உரிமை ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது: நீங்கள் குடிவந்தது வங்கிக்கு அடமானம் வைப்பதற்கு முன்பா, பின்பா?

அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தோடு வந்திருந்தால், அந்தக் காலம் முடியும்வரை வங்கி உங்களை வெளியேற்ற முடியாது. வங்கிக்குக் கிடைப்பது நீங்கள் குடியிருக்கும் வீடுதான், காலி வீடு அல்ல. வாய்வழி ஒப்பந்தமோ பதிவில்லாத தாளோ என்றால் பாதுகாப்பு சுருங்கிவிடும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு அனுமதிக்கும் காலத்துக்கு மேல் உரிமை கேட்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. நம் ஊரில் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதுதானே வழக்கம்? அந்தத் தாள் தரும் தெம்பு அவ்வளவுதான்.

அடமானத்துக்குப் பின், ஆனால் 13(2) நோட்டீஸுக்கு முன் வந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். அடமானம் வைத்த உரிமையாளர் நியாயமான வாடகைக்கு, முன்பணமாக வாடகை வாங்காமல், கட்டடத்தை மூன்று வருடத்துக்கு மிகாமல் விடலாம் என்று அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் வங்கியின் அடமானப் பத்திரத்தில் எங்கள் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று எழுதியிருந்தால் அதுதான் செல்லும். பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். நோட்டீஸுக்குப் பிறகு குடிவந்தவர்களுக்கு உரிமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நல்ல வார்த்தை பேசி நாள் வாங்குவதுதான் வழி.

எந்த வகையானாலும் உங்கள் உரிமையை ஆராய வேண்டியது டி.ஆர்.டி.தான். 2016 திருத்தத்தில் வந்த 17(4-ஏ) பிரிவு அதற்காகவே இருக்கிறது. அதற்குச் சான்று சேருங்கள். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும், அதை நம்ப முடியாது. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிப் பதிவு, வாடகையை ஜிபேயில் அனுப்பிய கணக்கு ஆகியவற்றில் எந்த வருடத்திலிருந்து இந்த முகவரி இருக்கிறது என்று காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்திருந்தால் அந்த எண்ணையும் சேருங்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வங்கியிலிருந்து "இனி வாடகையை எங்களிடம் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் பயப்படாமல் கட்டலாம். அப்படிக் கட்டியது வீட்டுக்காரருக்குக் கட்டியதாகவே ஆகும் என்று 13(5) பிரிவு சொல்கிறது. கடிதம் இல்லாமல் யாரோ வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் பணம் வங்கியிடமிருந்து வராது. அது வீட்டுக்காரர் தர வேண்டியது.

இப்போது போக்கியம். லீஸ், ஒத்தி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. சட்டத்தின் கண்ணில் இதுவும் ஓர் அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்திருக்கும் போக்கியத்துக்கு வங்கியின் முன் பலமே இல்லை. வாழ்நாள் சேமிப்பை இப்படிக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒருநாள் போயிருந்தால் போதுமே என்று வயிறு எரியும். பதிவு செய்த போக்கியம் வங்கி அடமானத்துக்கு முந்தையது என்றால் நீங்கள் வங்கிக்கு முன்னால் நிற்கிறீர்கள். பிந்தையது என்றால் வங்கிக்குப் பின்னால்தான்.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்: பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்ப்பது, இலவசமாகவே பார்க்கலாம். அதில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு பதிவு இருந்து, அதை ரத்து செய்த ரசீது பின்னால் இல்லையென்றால் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று அர்த்தம். வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்யாமலே வங்கியில் பத்திரம் ஒப்படைத்துக் கடன் வாங்கியவர்கள் உண்டு. ஜெராக்ஸை மட்டும் காட்டி, அசல் ஊரில் அப்பாவிடம் இருக்கிறது என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்து ஏமாந்திருந்தால், கடனை மறைத்துப் பணம் வாங்கியதற்கு வீட்டுக்காரர் மீது மோசடிப் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு. பணத்தைத் திரும்பக் கேட்டு சிவில் வழக்கும் போடலாம். அதற்கும் காலவரம்பு உண்டு, வருடக் கணக்கில் ஆறப் போடாதீர்கள்.

நான்காம் படி: கமிஷனர் வரும் நாள்

நீங்கள் தானாகச் சாவியைக் கொடுக்கவில்லை என்றால், வங்கி 14-ஆம் பிரிவின்படி மனு போடும். சென்னையில் எழும்பூரிலுள்ள தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவரிடம். மாவட்டங்களில் கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ. 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும், காரணம் எழுதி 60 நாள் வரை போகலாம். அந்தக் கெடு தாண்டினாலும் உத்தரவு செல்லாமல் போகாது. அங்கே உங்கள் தரப்பு நியாயத்தை விசாரிக்கமாட்டார்கள். வங்கியின் பிரமாணப் பத்திரம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பார்கள். நியாயம் பேச வேண்டிய இடம் டி.ஆர்.டி. மட்டுமே.

உத்தரவு வந்ததும் அதை நிறைவேற்ற வக்கீல் கமிஷனரையோ (நடுவர் நியமிக்கும் வக்கீல்) வருவாய்த்துறை அதிகாரியையோ அனுப்புவார்கள். பெரும்பாலும் முன்னதாக வந்து ஒரு தேதி குறித்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்த முதல் வருகையில்தான் பேச முடியும். வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், பெண் நிறைமாதம், பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு, எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், மருத்துவச் சான்றோடு. நாள் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் "இந்தத் தேதியில் நாங்களே காலி செய்கிறோம்" என்று உறுதிமொழி எழுதித் தருகிறவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். கத்திச் சண்டை போடுகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஏலம் எடுத்தவர் சில நேரம் காலி செய்ய ஒரு தொகை தருவதாகப் பேசுவார். தப்பில்லை, அவருக்கும் அலைச்சல் மிச்சம். எழுதி வாங்கிக்கொண்டு, பாதியை முன்பாகவும் மீதியைச் சாவி கொடுக்கும்போதும் கேளுங்கள்.

குறித்த நாளில் கமிஷனர், வங்கி அதிகாரி, போலீஸ், பூட்டு உடைக்கும் ஆள் ஆகியோர் வருவார்கள். தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்த 14(2) பிரிவு அனுமதிக்கிறது. வாசலில் படுத்து மறித்தால், அரசு ஊழியரைத் தடுத்ததாக வழக்கு சேரும். நீங்கள் செய்யக்கூடியவை வேறு. உத்தரவின் நகலைக் கேளுங்கள். கதவு எண், சர்வே எண், நான்கு எல்லை ஆகியவற்றை ஒத்துப் பாருங்கள். ஒரே காம்பவுண்டில் அண்ணன் தம்பி வீடுகள் இருந்தால் வேறு வீட்டைப் பூட்டிவிடும் அபாயம் உண்டு. தரைத்தளம் மட்டும் அடமானம் என்றால் மாடியைத் தொடக் கூடாது. அவர்களைத் தொந்தரவு செய்யாமல் வீடியோ எடுங்கள்.

முந்தின இரவே ஒரு பையில் மாத்திரை, மருத்துவச் சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், நகை எல்லாவற்றையும் எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள். பூட்டிய பிறகு ஒரு மாத்திரைக்காகத் திறக்கச் சொல்லி மேனேஜரிடம் நடந்த குடும்பங்கள் இருக்கின்றன.

வீட்டை அடமானம் வைத்திருக்கிறீர்கள், கட்டிலையும் ஃபிரிட்ஜையும் வைக்கவில்லை. சாமான்கள் உங்களுடையவை. உள்ளே விட்டுப் பூட்டினால் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்து, விட்டுப்போனதை எழுதி, பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்குங்கள். சாமானை எடுக்க ஒரு நாள் குறித்துத் தரும்படி வங்கிக்கு உடனே கடிதம் எழுதுங்கள். ஆத்திரத்தில் பூட்டை உடைத்துத் திரும்ப நுழைந்தால் அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமெல்லாம் குற்ற வழக்காக மாறிவிடும்.

பூட்டிய பிறகும் முடிந்துவிடவில்லை

45 நாள் கணக்கு இருந்தால் டி.ஆர்.டி.க்குப் போகலாம். வங்கி விதிகளை மீறியது நிரூபணமானால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடவும் 17(3) பிரிவில் அதிகாரம் உண்டு. நஷ்ட ஈடும் கேட்கலாம்.

ஏலம் முடிந்திருந்தால் கணக்குக் கேளுங்கள். ஏலத் தொகையில் வங்கியின் பாக்கியும் செலவும் போக மீதி உங்களுக்குச் சேர வேண்டியது. 40 லட்சத்துக்குப் போன வீட்டில் 31 லட்சம் பாக்கியும் செலவும் என்றால் 9 லட்சம் உங்கள் பணம். தானாக வீடு தேடி வரும் என்று காத்திருக்காமல், கணக்கு விவரமும் மீதித் தொகையும் கேட்டு ரிஜிஸ்டர் தபாலில் எழுதுங்கள். போக்கியத்துக்கு இருந்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த 9 லட்சம் வீட்டுக்காரர் கைக்குப் போவதற்கு முன், உங்கள் பாக்கிக்காக அதை முடக்கி வைக்கச் சொல்லி வழக்குப் போட வக்கீலைக் கேளுங்கள். ஏலத் தொகை பாக்கிக்குப் போதவில்லை என்றால், குறைவதைக் கேட்டு வங்கி டி.ஆர்.டி.க்கோ சிவில் கோர்ட்டுக்கோ வரும். அந்தச் சம்மன் உங்கள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். ஆகவே புது வாடகை வீட்டு முகவரியை வங்கிக்கு எழுதிக் கொடுத்து, ரசீதை வாங்கி வையுங்கள்.